இடமாற்றம் தண்டனையாகுமா?

"அந்தாளைப் பிடித்து நுவரெலியாப் பக்கம் மாற்றிவிடுங்கள்." அரச திணைக்களங்களின் தாழ்வாரங்களில் பல தடவை என் காதில் விழுந்த வாசகம் இது. ஆசிரியரோ எழுதுவினைஞரோ, கை நீண்டவருக்கு மலையகமே சிறை. அங்கு வாழும் மக்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

இதே பேச்சு நீதிமன்ற ஊழியர்கள் குறித்தும் எழும்போதுதான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

பதிவாளர், பிஸ்கால், மொழிபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், தட்டெழுத்தாளர் போன்றோரை நியமிக்கவும் மாற்றவும் பதவி நீக்கவும் அதிகாரமுடையது நீதிச் சேவை ஆணைக்குழு. பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவரும் அடங்கிய அமைப்பு அது. அதிகாரத்துக்குக் குறைவில்லை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் கையில் இருக்கிறது. இடமாற்றத்தோடு மூடப்படும் கோவையை ஒழுக்காற்று நடவடிக்கை என்று நான் ஏற்கமாட்டேன். அது நோயை அடுத்த ஊருக்கு அனுப்பும் வேலை.

நீதிமன்றக் கருமபீடத்தில் புரளும் பணம் யாருடையது என்று எண்ணிப் பாருங்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி, கைவிட்டுப் போன கணவன் செலுத்தவேண்டிய தாபரிப்புப் பணம் அங்கு வரும். பிணைக்காகக் கட்டிய காசும் அங்குதான். ஊழியர் சேமலாப நிதியைக் கட்டாத தோட்ட நிர்வாகத்துக்கு எதிராகத் தொழில் ஆணையாளர் சான்றிதழ் தாக்கல் செய்தால், அந்நிலுவையைத் தண்டப்பணம்போல் அறவிடுவது நீதவான் நீதிமன்றமே. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான பணிக்கொடைக்கும் வழி இதுவே. முப்பது வருடம் கொழுந்து பறித்தவளின் முதுமை அந்தப் பேரேட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது!

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறி வரும் பெண்ணுக்கு அன்றைய 'பேர்' போய்விடும். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட எத்தனை வருடப் போராட்டம் தேவைப்பட்டது! "அடுத்த மாதம் வா" என்ற மூன்று சொற்களுக்கு அவள் கொடுக்கும் விலை அது. பற்றுச்சீட்டு அவளுக்குத் தெரியாத மொழியில் இருந்தால், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எப்படி அறிவாள்? மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. கருமபீடத்தில் அதைக் கேட்டு வாங்க அவளுக்கு வக்கீலா இருக்கிறார்?

சிறு கையாடல்தானே என்பவர்கள் இந்தியாவின் காசியாபாத் மாவட்ட நீதிமன்றத்தை நினைவிற்கொள்க. கடைநிலை ஊழியர்களின் சேமநிதியிலிருந்து 2001 தொடக்கம் 2008 வரை ஏறத்தாழ 7 கோடி இந்திய ரூபா போலி ஆவணங்களால் எடுக்கப்பட்டது. அங்கிருந்த பெண் நீதிபதி ஒருவரின் முறைப்பாட்டால்தான் அது வெளியே வந்தது. நீதிபதிகளின் பெயர்களும் அடிபட்டதால் வழக்கு மத்திய புலனாய்வுப் பிரிவிடம் போயிற்று. பிரதான சந்தேகநபரான கருவூலப் பொறுப்பாளரோ 2009இல் சிறையிலேயே இறந்துபோனார். ஏழு வருடம் எவரும் பேரேட்டைப் புரட்டவில்லை என்பதே எனக்கு அதில் பெரிய செய்தி.

"இவற்றைப் பேசினால் நீதிமன்றத்தின் மாண்பு குலையும்" என்பார்கள். நீதிமன்ற அவமதிப்பு என்ற பயத்தில் எங்கள் ஆசிரியபீடங்கள் விழுங்கிய செய்திகள் கொஞ்சநஞ்சமல்ல. களவாடுபவரால் குலையாத மாண்பு, களவைச் சொல்பவரால் மட்டும் குலைந்துவிடுமா? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் பகிரங்க அதிகாரசபைகளுக்குள் சேர்த்திருக்கிறது. மலையகச் சட்டத்தரணிகளும் தொழிற்சங்கங்களும் அதைக் கையிலெடுக்கட்டும். கடந்த பத்து வருடங்களில் எத்தனை ஊழியர்கள் மீது விசாரணை? எத்தனை பேர் நீக்கப்பட்டனர்? எத்தனை பேர் வெறுமனே மாற்றப்பட்டனர், எங்கே? எவ்வளவு பணம் திரும்பியது? பதிலைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நீதிமன்ற அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.