செப்பேடு மறந்த படைத்தலைவர்

இன்று ஊர்தி ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே கிடக்கும் மணிமங்கலம், கி.பி. 642 அளவில் தமிழ்நிலத்தின் வரலாற்றைத் திருப்பிய களமாகும். காஞ்சியைக் கைக்கொள்ள வந்த சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிங்கவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புறங்கண்டான் என்று கூரம் செப்பேடு கூறும். பின்னர்ப் பல்லவர் படை வாதாபியையே கைப்பற்றியது.

வென்றவன் வேந்தன் எனின், படையை நடத்தியவர் யார்? செப்பேடு வாய் திறவாது. அதில் மன்னன் புகழ் வடமொழியில் விரிகின்றது; கொடைக்குரிய நடைமுறையே தமிழில் உள்ளது. வாதாபிப் படையின் தலைவர் பரஞ்சோதியார் என்பதைக் காத்துத் தந்தது தமிழ்நூலாகிய பெரியபுராணமே! 12ஆம் நூற்றாண்டில் அதனை யாத்த சேக்கிழார், மணிமங்கலத்துக்கு அணித்தாகிய குன்றத்தூரினர்.

திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குடியில் தோன்றிய பரஞ்சோதியார், மருத்துவமும் படைக்கலப் பயிற்சியும் யானையேற்றமும் குதிரையேற்றமும் கற்றவர். வாதாபியைத் துகளாக்கி, களிறும் பொன்னும் மணியும் கொணர்ந்து வேந்தன்முன் வைத்தார். அவர் சிவனடியார் என்பதை அமைச்சர்வாய்க் கேட்ட மன்னன், இத்தகையவரைப் போர்முனைக்கு ஏவினோமே என்றஞ்சிப் பொறுத்தருள வேண்டினான். தம் குடிவழிக் கடமையைச் செய்ததில் தீங்கென்ன என்றார் அவர். பின் விடைபெற்று ஊர் திரும்பி, அடியார்க்கு அமுதளிக்கும் சிறுத்தொண்டராக வாழ்ந்தார். திருஞானசம்பந்தர் அவர் பெயரைத் தம் பதிகத்தில் பொறித்தார்.

சீனநாட்டுச் சூ தே என்பாரை இங்கு எண்ணுக. 1886இல் ஏழை உழவர் குடியில் பிறந்து, படை அலுவலராய்ச் செல்வமும் பதவியும் எய்தியவர், அவற்றை உதறி 1922இல் செருமனி சென்று பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். 1927இல் நான்சாங் எழுச்சியில் பங்குற்றார். 1934–35இன் நெடும்பயணத்தில் செம்படைத் தலைவராக நின்றார். 1955இல் மார்சல் பதின்மருள் முதல்வரானார். மா சே துங்கின் பெயர் மலையென ஓங்கியபோதும், 1976இல் மறைந்த இப்படைத்தலைவர்க்கு அவர் பிறந்த மண்ணில் நினைவகம் எழுந்துள்ளது.

ஒருவர் செல்வத்தைத் துறந்து புரட்சிப்படை கண்டார். மற்றவர் வெற்றிக்குப்பின் வாளை வைத்துவிட்டுத் தொண்டு கண்டார். படை கைவசம் இருந்தும் அரியணையைத் தமக்கெனக் கவராதவர் இருவரும். வாள் பிடித்தவன் அரசைப் பிடித்த வரலாறுகள் உலகில் எத்துணை! அவற்றிடையே இவ்விருவர் வாழ்வும் விளக்கெனத் திகழ்வன அல்லவோ?

புலிகேசியின் பெயரை மனப்பாடம் செய்யும் நம் சிறார், அவன் தலைநகரை வீழ்த்தியவர் பெயரையும் அறிதல் வேண்டும். மணிமங்கலத்து வகுப்பறைகளில் அவ்வூர்ப் போர் முதற்பாடமாகுக! சிறுத்தொண்டரைக் கோயிலில் வணங்குவோர், பரஞ்சோதியாரை வரலாற்றிலும் போற்றுக! மன்னர் மறந்ததை மக்களும் மறந்தால், பின் எவர் நினைப்பார்?