சுண்ணாம்புக்குள் ஓர் உலோகம்

கால்சியம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன பால், முட்டை ஓடு, வெற்றிலைச் சுண்ணாம்பு முதலிய வெண்பொருள்களே. இரும்பையும் வெள்ளியையும் போல அதுவும் ஓர் உலோகம் என்றால் எளிதில் நம்புவோர் சிலரே. பிள்ளைகள் பாடநூலில் படித்துவந்து அவ்வாறு கூறக் கேட்டு, "உலோகத்தையா இத்தனை நாள் விழுங்கினோம்?" என அஞ்சி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்ட தாய்மாரை நாம் அறிவோம்.

பிள்ளைகள் கூறுவது உண்மையே. தூய கால்சியம் வெள்ளிபோல் மின்னும். உற்று நோக்கின் இலேசான மஞ்சள் சாயல் தெரியும். அதைத் தகடாக அடிக்கலாம். சற்று வலிந்து அழுத்தினால் கத்தியாலும் வெட்டலாம். 842 பாகை செல்சியஸில் உருகும். மின்சாரத்தை நன்கு கடத்தும். அதன் எடையே நமக்குப் பெருவியப்பு: ஒரு கிலோ இரும்புக் கட்டியின் பருமனே உடைய கால்சியக் கட்டி ஏறத்தாழ 200 கிராம்தான் இருக்கும். அலுமினியமும் அதனினும் கனமானதே.

ஆயினும் அந்த மினுமினுப்பு நிலையாது. காற்றுப் பட்டதும் மங்கும். நீரில் இட்டாலோ மூழ்கி, ஹைட்ரஜன் குமிழிகளை எழுப்பிக்கொண்டே தேய்ந்து மறையும். எஞ்சுவது பால்போல் கலங்கிய சுண்ணாம்பு நீர். ஆகவேதான் எந்நிலத்தைத் தோண்டினும் இவ்வுலோகம் தனித்துக் கிடைப்பதில்லை.

சூளை நெருப்பும் அதனைப் பிரிக்கவில்லை. ஏதோம் அரசனின் எலும்புகளை மோவாபியர் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய கொடுமையை ஆமோஸ் நூலின் 2-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. எலும்பு நீறாயினும் அந்நீற்றிலும் கால்சியம் பிற தனிமங்களோடு பிணைந்தே கிடந்தது. காளவாயில் கல் சுட்ட தலைமுறைகள் எத்தனை! அவர்களுள் ஒருவரும் இவ்வுலோகத்தைக் கண்டிலர். 1808-ஆம் ஆண்டில் இலண்டனில் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர், சுண்ணாம்போடு பாதரச ஆக்சைடைக் கலந்து மின்சாரம் செலுத்தினார். கிடைத்த இரசக்கலவையிலிருந்து பாதரசத்தை ஆவியாக்கி நீக்கி, முதன்முதலாக அதனைப் பிரித்தெடுத்தார். பெயரும் அவர் இட்டதே. 'கால்க்ஸ்' என்பது இலத்தீனில் சுண்ணாம்பு. (நாம் குருமடத்தில் கற்ற இலத்தீன் இங்கேனும் பயன்படுகிறதே!)

மாத்திரையில் இருப்பது இந்த உலோகத் துண்டன்று. பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட்டு. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். சோடியம் என்னும் உலோகம் குளோரினோடு கூடிச் சமையல் உப்பாகிறது. உப்பை உண்ண நாம் அஞ்சுவதில்லையே! தாய்மார் தாமாக மருந்தை நிறுத்தாது, எழுதிக் கொடுத்த மருத்துவரையே கேட்பாராக. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இவ்வாறு சேர்ந்த நிலையிலேயே உறைகின்றது.