அக்டோபரில் கேட்க வேண்டிய கேள்வி

2023 மார்ச் 8. வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோ நகரில், சிராகியூஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 77-74 என வேக் ஃபாரஸ்ட் அணியிடம் தோற்றது. கடைசி நொடியில் எதிரணி எறிந்த மூன்று புள்ளிப் பந்து வலையில் விழுந்தது. சற்று நேரத்தில் பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்த ஜிம் பேஹைமுக்கு வயது 78. 1962-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாணவராக வந்தவர். 1976 முதல் 47 சீசன்கள் அங்கேயே தலைமைப் பயிற்சியாளர். அடுத்த ஆண்டும் இருப்பீர்களா என்று கேட்டார்கள். அது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது என்றார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. சில மணி நேரத்தில் பல்கலைக்கழகமே அறிவித்துவிட்டது: புதிய பயிற்சியாளர் ஏட்ரியன் ஆட்ரி.

2003-இல் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த மனிதர், தன் கடைசி நாளைத் தன் வாயால் சொல்லாமலே போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அவருக்கு ஒரு தேதி இல்லாமலும் இல்லை. 2015-இல் விதிமீறல்களுக்காக அவருடைய 101 வெற்றிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டபோது, மூன்று ஆண்டுகளில் விலகுவார் என்று அறிவிக்கப்பட்டது. வாரிசாக மைக் ஹாப்கின்ஸின் பெயரும் சொல்லப்பட்டது. 2017-இல் ஹாப்கின்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிப் போக, அந்தத் தேதியும் கரைந்துபோனது. அதற்குப் பிறகு யாரும் புதிதாக ஒரு தேதி குறிக்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், எப்போது விலகுவது என்ற கேள்வி இவ்வளவு கனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மாணவர்கள் வருகிறார்கள்; ஒன்றிரண்டு ஆண்டுகள், மிஞ்சினால் நாலைந்து ஆண்டுகள் ஆடுகிறார்கள்; போய்விடுகிறார்கள். நிலைத்து நிற்பவர் பயிற்சியாளர் ஒருவரே. நாளடைவில் அணியின் பெயரும் அவர் பெயரும் ஒன்றாகிவிடுகின்றன. அப்படிப்பட்டவரிடம் போய், போதும் ஐயா என்று யார் சொல்வது?

வயது வரம்பு வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் 39 சீசன்கள் பயிற்சி அளித்த ஃபாக் ஆலன், 70 வயது விதியின்படி 1956-இல் வெளியேற்றப்பட்டார். அவர் தேடிப் பிடித்து அழைத்து வந்த வில்ட் சேம்பர்லின் அப்போது முதலாண்டு மாணவர். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. ஆக, கூடைப்பந்து கண்ட மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரைக் கொண்டுவந்தவர், அவரைப் பிரதான அணியில் ஒரு நாள்கூட ஆட வைக்க முடியவில்லை. 1957 இறுதிப் போட்டியில் கான்சஸ் மூன்று கூடுதல் நேரங்கள் ஆடி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. கென்டக்கியின் அடால்ஃப் ரப்பும் 1972-இல் அதே 70 வயதில் அனுப்பப்பட்டார். 1986 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான வேலைகளில் வயதைக் காட்டி ஓய்வு கொடுக்க முடியாது. அது நியாயம்தான். பிறந்த தேதியை வைத்து ஒருவரின் திறமையை அளக்கக் கூடாது.

சரி, வேறு அளவுகோல் என்ன? எனக்குத் தெரிந்து வட கரோலைனா பல்கலைக்கழக அணியின் டீன் ஸ்மித்திடம்தான் நல்ல பதில் இருந்தது. மார்ச் மாதத்தில், சீசன் முடிந்த களைப்பில், எந்தப் பயிற்சியாளருக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். அப்போது முடிவெடுக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அக்டோபரில் பயிற்சி தொடங்கும்போது பழைய உற்சாகம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். 36 ஆண்டுகள் வந்தது. 1997 அக்டோபரில் வரவில்லை. 66 வயதில், 879 வெற்றிகளோடு விலகினார். அப்போது அவர் கையில் இருந்தது ஆன்டவான் ஜேமிசனும் வின்ஸ் கார்ட்டரும் ஆடிய அணி! அதை விட்டுக்கொடுக்க எவ்வளவு நேர்மை வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பயிற்சி தொடங்கும் வேளையில் விலகினால், பல்கலைக்கழகத்துக்கு ஆள் தேட அவகாசம் இருக்காது. பக்கத்தில் இருக்கும் உதவிப் பயிற்சியாளரையே நியமித்தாக வேண்டும். ஸ்மித்துக்குப் பின் வந்த பில் கத்ரிட்ஜ் நன்றாகவே ஆட வைத்தார். எல்லா இடத்திலும் அப்படி அமைவதில்லை. 2024 அக்டோபரில் வர்ஜீனியாவின் டோனி பென்னெட், மாறிப்போன கல்லூரி விளையாட்டுக்குத் தான் பொருத்தமானவர் இல்லை என்று 55 வயதில் விலகினார். மனசாட்சியோடு எடுத்த முடிவு. ஆனாலும் அவரை நம்பிச் சேர்ந்த பையன்களுக்கு வகுப்புகள் தொடங்கிவிட்டிருந்தன. அந்த அணி அந்த ஆண்டு 15 ஆட்டங்களில் வென்று 17-இல் தோற்றது.

டியூக்கின் மைக் ஷஷெவ்ஸ்கி மாற்று வழி காட்டினார். 2021 ஜூனிலேயே, வரும் சீசனே கடைசி என்றும் அடுத்தவர் ஜான் ஷையர் என்றும் அறிவித்தார்கள். சேர வரும் மாணவனுக்கு எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. பிழை நடந்தது வழியனுப்புவதில்தான். 2022 மார்ச் 5-இல் அவருடைய கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னாள் வீரர்கள் ஏறத்தாழ நூறு பேர் அரங்கில் கூடினார்கள். அத்தனை கண்களின் பாரத்தையும் சுமந்து ஆடிய பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் வட கரோலைனாவிடம் 94-81 எனத் தோற்றார்கள். விழா மேடையில் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஸ்மித்தின் அளவுகோலையும் ஷஷெவ்ஸ்கியின் முன்னறிவிப்பையும் சேர்த்தால் வழி கிடைக்கும் என்று நினைக்கிறேன். நீண்ட காலம் இருந்த பயிற்சியாளர் அக்டோபரில் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். அடுத்த நான்கு ஆண்டுகள் உங்கள் மகனோடு இருப்பேன் என்று ஒரு மாணவனின் வீட்டில் உட்கார்ந்து அவன் தாயிடம் சொல்ல வாய் கூசினால், அன்றே நிர்வாகத்திடமும் மாணவர்களிடமும் சொல்லிவிட்டு, அந்த ஒரு சீசனை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். நிர்வாகத்துக்குத் தேட ஆறு மாதம் கிடைக்கும். ஊர் ஊராகப் பிரிவுபசாரம் வேண்டாம்.

டென்னசி மகளிர் அணியின் பேட் சம்மிட் இதைவிடக் கடினமான நிலையில் நின்றார். 2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு நினைவிழப்பு நோய் வந்திருப்பதை எல்லோருக்கும் சொன்னார். எட்டு சாம்பியன் பட்டங்கள் வென்றவர், அந்த சீசனில் பெஞ்சில் உட்கார்ந்தபடி பெரும்பாலான வேலையைத் தன் முன்னாள் மாணவியும் 27 ஆண்டு உதவியாளருமான ஹாலி வார்லிக்கிடம் விட்டார். அடுத்த ஏப்ரலில், செய்தியாளர்கள் முன்னிலையில், தன் விசிலை வார்லிக்கின் கையில் கொடுத்தார்.