கல்லில் இல்லாத பெயர்கள்

ஏதென்ஸ் நகரின் பிளாக்கா பகுதியில், அக்ரோபொலிஸ் குன்றின் அடிவாரத்தில், வட்ட வடிவப் பளிங்கு நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. கி.மு. 335-334இல் லிசிக்ராடீஸ் என்ற செல்வந்தர் எழுப்பியது. டயோனிசஸ் விழாப் போட்டியில் அவர் செலவில் பயின்ற சிறுவர் கோரஸ் முதற்பரிசு வென்றது. பரிசாகக் கிடைத்த வெண்கல முக்காலியைத் தாங்கவே இத்தனை பளிங்கும். அதன் கல்வெட்டில் செலவை ஏற்ற லிசிக்ராடீஸின் பெயர் முதலில் வருகிறது. பிறகு வென்ற குலம், குழல் வாசித்தவர், கோரஸைப் பயிற்றுவித்தவர், அந்த ஆண்டின் ஆட்சித் தலைவர். ஆடிப் பாடிய ஐம்பது சிறுவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

கூடிச் செய்யும் கலையில் யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் உதிர்கிறது? யார் முடிவெடுக்கிறார், யாருக்குக் கூலி போகிறது? கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் கேள்விகளை வேறெவரையும்விடத் தீவிரமாகக் கேட்டவர்களில் கிரேக்க நாடகக்காரர்கள் முக்கியமானவர்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த இதழைத் தொடங்க மனம் வரவில்லை.

அவர்களுக்கு ஒரு முன்கதை உண்டு. 1942இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் ஏதென்ஸ் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, கரோலஸ் கூன் 'கலை அரங்கம்' என்ற குழுவைத் தொடங்கினார். 1959இல் அரிஸ்டோபனீஸின் 'பறவைகள்' நாடகத்தை அந்தக் குழு மேடையேற்றியது. மொழியாக்கம் வசிலிஸ் ரோடாஸ், காட்சியமைப்பும் உடைகளும் ஓவியர் யன்னிஸ் சாரூகிஸ், இசை மனோஸ் ஹாஜிடாகிஸ், நடன அமைப்பு ரல்லு மானு. தத்தம் துறையில் உச்சத்தில் இருந்தவர்கள் ஒரே ஒத்திகைக்கூடத்தில் கூடினார்கள். பூசாரி வரும் காட்சியில் தேவாலய வழிபாட்டு இசையின் சாயல் இருந்தது என்று எதிர்ப்பு எழ, முதல் நிகழ்ச்சியோடு அரசு நாடகத்தை நிறுத்தியது. மூன்றாண்டுகள் கழித்து அதே நாடகம் பாரிஸில், உலக நாடக விழாவில் முதற்பரிசு பெற்றது. கூன் பெரிய ஆசான், ஐயமில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் ஆசானின் நாற்காலி ஒன்றுதான்.

அந்த நாற்காலியை எடுத்துவிட முனைந்தது பிளிட்ஸ் நாடகக் குழு. யோர்கோஸ் வலாயிஸ், ஆங்கெலிகி பபூலியா, கிறிஸ்டோஸ் பசாலிஸ் ஆகிய மூவர் 2004இல் ஏதென்ஸில் தொடங்கியது. கருவை யோசிப்பதிலும், எழுத்திலும், நெறியாள்கையிலும் எல்லா உறுப்பினரும் சமம், முன்கூட்டியே முடிவான உண்மை எதுவும் இல்லை என்பதுதான் அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. சொல்ல எளிதாக இருக்கும் இந்த விதியை ஒத்திகையில் கடைப்பிடிப்பது கடினம். ஒரு காட்சி வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல நெறியாளர் இல்லையென்றால், ஒவ்வொரு அசைவையும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நேரம் போகும், கோபம் வரும். அந்த உழைப்பின் விளைச்சலை அவர்களுடைய 'லேட் நைட்' நாடகத்தில் காணலாம். 2012இல் ஒனாசிஸ் கலாசார மையத்தில் அரங்கேறியது. பாழடைந்த நடனக்கூடம் ஒன்றில் ஜோடிகள் வால்ட்ஸ் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். நடுநடுவே நின்று, போரில் சிதைந்த ஐரோப்பிய நகரங்களை நினைவுகூர்கிறார்கள். அங்கே தனி நாயகனோ நாயகியோ இல்லை. சேர்ந்து ஆடுவதே கதை.

அது எந்த ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். 2010 மே மாதம் கிரேக்க அரசு முதல் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2013இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. சுயாதீன நாடகக் குழுக்களுக்கு அரசு தந்துவந்த மானியம் நின்றது. இந்தக் காலத்துக் கூட்டுப் படைப்புகளைப் பார்த்து, நெருக்கடி கலைஞர்களை ஒன்றுசேர்த்தது என்று மகிழ்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. பிளிட்ஸ் உருவானது நெருக்கடிக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. சமமாக வேலை செய்வது அவர்கள் நல்ல காலத்திலேயே தேர்ந்தெடுத்த நெறி. நெருக்கடி செய்ததெல்லாம் கூலியைப் பறித்ததுதான். பசியைக் கலையின் தாய் என்று கொண்டாடுகிறவர்கள் பசித்தவர்களாக இருப்பதில்லை.

கூடி வேலை செய்யக் கூடுவதற்கு ஓர் இடமும் வேண்டும். ஏதென்ஸின் ப்ஸிரி பகுதியில் எம்ப்ரோஸ் என்ற கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதே பெயருடைய நாளிதழின் அச்சகம். பின்னாளில் நாடக அரங்கமாகி, பிறகு பூட்டிக் கிடந்தது. 2011 நவம்பர் 11 அன்று மவிலி கூட்டமைப்பு என்ற கலைஞர் குழு அதைத் திறந்து உள்ளே நுழைந்தது. பன்னிரண்டு நாட்கள் நாடகம், நடனம், உரை, விவாதம் நடந்தன. பிறகு அதை நடத்தும் பொறுப்பு யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளக்கூடிய பொதுக்கூட்டத்திடம் சென்றது. அந்தக் கூட்டங்களில் சச்சரவுக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஆனாலும் 2021 மே மாதம் போலீஸ் வந்து வாசல்களைச் சுவர் எழுப்பி அடைத்தபோது, சில நாட்களில் மக்கள் திரண்டு அந்தச் சுவரை இடித்து அரங்கை மீண்டும் திறந்தார்கள். அச்சு இயந்திரம் ஓடிய கூடம் அது என்பதால், சிற்றிதழ் நடத்தும் நமக்கு அதன்மேல் தனிப் பாசமும் உண்டு.

கூட்டுப் படைப்பில் யாரைச் சேர்த்துக்கொள்வது என்ற கேள்வியை அனெஸ்டிஸ் அஸாஸும் ப்ரோட்ரோமோஸ் சினிகோரிஸும் இன்னும் அகலமாகத் திறந்தார்கள். இருவரும் சேர்ந்து நெறியாள்கை செய்த ஆவண நாடகம் 'தூய நகரம்', 2016இல் மேடையேறியது. குடியேறிகளை விரட்டி நகரைத் தூய்மையாக்குவோம் என்று நவநாஜிகள் முழங்கிய காலம் அது. அப்படியானால் இந்த நகரத்தை உண்மையில் துடைத்துத் தூய்மையாக வைத்திருப்பது யார் என்று இவர்கள் கேட்டார்கள். பல்கேரியா, அல்பேனியா, மால்டோவா, தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து வந்து துப்புரவு வேலை செய்யும் ஐந்து பெண்கள் மேடையேறித் தம் கதையைத் தாமே சொன்னார்கள். பிற ஐரோப்பிய நகரங்களுக்கும் அந்த நாடகம் பயணித்தது. நடிகர்களுக்குரிய இடத்தில் அந்த ஐவரின் பெயர்களும் அச்சாயின. பளிங்குக் கல்லில் விடுபட்டது இங்கே எழுதப்பட்டது.

ஒரே ஒருவரிடம் அதிகாரம் குவிந்தால் ஒத்திகைக்கூடம் என்னவாகும் என்பதும் அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. 2021 தொடக்கத்தில் கிரேக்க நடிகைகளும் நடிகர்களும் தம்மீது நடந்த வன்முறைகளை ஒருவர்பின் ஒருவராகப் பொதுவில் சொன்னார்கள். நெறியாளரைக் கேள்வி கேட்கவே கூடாது என்ற மரபு எத்தனை அத்துமீறல்களுக்குத் திரையாக இருந்தது என்பதை நாடே பார்த்தது. அடுத்த ஆண்டின் இறுதியில், நடிப்புப் பள்ளிகளின் பட்டயத்தை வெறும் பள்ளிக்கல்விக்கு நிகராகத் தாழ்த்திய 85/2022 எண் கொண்ட ஆணை வெளியானது. மாணவர்கள் பள்ளிகளையும் தேசிய அரங்கின் கட்டடங்களையும் கைப்பற்றி அமர்ந்தார்கள். தேசிய அரங்கின் நடிப்புப் பள்ளி ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகினார்கள். சேர்ந்து நாடகம் செய்யப் பழகியவர்களுக்குச் சேர்ந்து மறுக்கவும் தெரிந்திருந்தது.

கூட்டுப் படைப்பு என்ற சொல்லை இன்று எல்லாரும் கூசாமல் பயன்படுத்துகிறோம். அது உண்மையாக வேண்டுமானால் மூன்று தேவை: முடிவெடுப்பதில் பங்கு, வருவாயில் பங்கு, பெயரில் பங்கு. முதல் இரண்டும் நாடகக் குழுக்கள் தமக்குள் தீர்க்க வேண்டியவை. மூன்றாவதில் பத்திரிகைகளுக்கும் பொறுப்பு உண்டு. நெறியாளர் பெயரையும் இரண்டு நடிகர்கள் பெயரையும் போட்டுவிட்டு விமர்சனத்தை முடிக்கும் வழக்கம் நம்மிடமும் இருந்துவந்திருக்கிறது. அது பிழை.

இந்த இதழ் முதல், நாம் எழுதும் ஒவ்வொரு நாடக விமர்சனத்தின் கீழும் ஒளியமைத்தவர், உடை தைத்தவர், திரை இழுத்தவர் உட்பட அத்தனை பேரின் பெயரும் இடம்பெறும். குழுக்கள் முழுப் பட்டியலை அனுப்பி உதவ வேண்டும். பக்கம் போதாதென்றால் விமர்சனத்தைக் குறைத்துக்கொள்வோம். பெயர்களைக் குறைக்க மாட்டோம்.