கடத்தலைக் கடத்தியவர்கள்

'மீட்டிங்கையே ஹைஜாக் பண்ணிட்டான் சார் அந்த ஆளு!' என்று ஆபீஸில் அலுத்துக்கொள்ளாதவர் உண்டா? இந்த ஹைஜாக் பிறந்தது ஆகாயத்தில் இல்லை. லாரியில்.

1920-லிருந்து 1933 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. சட்டம் போட்டால் தாகம் அடங்கிவிடுமா? கனடாவிலிருந்து ராவோடு ராவாக விஸ்கி வந்து இறங்கியது. அந்த லாரிகளை நடுவழியில் மடக்கி, துப்பாக்கி காட்டி, சரக்கோடு ஓட்டிக்கொண்டு போக ஒரு கூட்டம் கிளம்பியது. ரொம்ப சௌகரியமான தொழில். பறிகொடுத்தவன் போலீசுக்குப் போக முடியாதே! 'ஐயா, என் திருட்டு விஸ்கியைக் காணோம்' என்று எந்த முகத்தோடு சொல்வான்? இந்தக் கூட்டத்துக்கு அப்போது கிடைத்த பட்டம்தான் ஹைஜாக்கர்.

பெயர்க் காரணம்? கொள்ளைக்காரன் டிரைவரைப் பார்த்து, 'ஹை ஜாக்! கையைத் தூக்குப்பா' என்றானாம். கதை ஜோர். ஆதாரம் பூஜ்யம். 'ஹைவே'யில் வழிப்பறி செய்தவன் என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். அவர்களும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாரில்லை.

பிறகு வார்த்தை விமானம் ஏறியது. சிரிப்பும் போயிற்று. 1948 ஜூலையில் மக்காவோவிலிருந்து ஹாங்காங் போன விமானத்தைக் கொள்ளையடிக்க நடுவானில் மடக்கினார்கள். விமானம் கடலில் விழுந்தது. 26 பேரில் பிழைத்தது ஒரே ஒருவன், கடத்தியவர்களில் ஒருவன்! 1999 டிசம்பர் 24-ல் காட்மாண்டுவிலிருந்து டில்லிக்குக் கிளம்பிய நம் விமானம் காந்தஹார் போய் நின்றது. மூன்று பேரைச் சிறையிலிருந்து விடுவித்த பிறகுதான், 31-ம் தேதி, பயணிகள் மீண்டார்கள். தேனிலவு முடிந்து மனைவியோடு வந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் மட்டும் மீளவில்லை.

தமிழில் தங்கம் கொண்டு வந்தாலும் கடத்தல், குழந்தையைத் தூக்கினாலும் கடத்தல், விமானத்தை மடக்கினாலும் கடத்தல். கம்பியில் மின்சாரம் போனால்கூட கடத்தல்தான்! அந்த லாரி ஆசாமிகளை மட்டும் நாம் அழகாகச் சொல்லிவிடலாம்: கடத்தல் சரக்கைக் கடத்தினவன்.

ஆகவே, மீட்டிங்கில் ஒருத்தர் முக்கால் மணி நேரம் அளந்தால் அது ஹைஜாக் இல்லை. பொழுதைக் கடத்துகிறார், அவ்வளவுதான். பெரிய வார்த்தையைக் காந்தஹாருக்கு விட்டு வையுங்கள்.