அட்டை போனால் இயந்திரமும் போக வேண்டுமா?

முகையூரிலிருந்து விழுப்புரம் செல்லும்போதெல்லாம் பழைய மாணவர் ஒருவரின் பட்டறையில் சற்று நேரம் அமர்வது என் வழக்கம். கடந்த முறை சென்றபோது, கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரம் ஒன்று அங்கே ஓய்ந்து கிடந்தது. "மிஷினுக்கு ஒன்றுமில்லை, ஐயா. கணினியின் மதர்போர்டு போய்விட்டது. இந்தக் கார்டைச் செருக இப்போது வரும் கணினிகளில் இடமே இல்லை" என்றார்.

இது ஒரு பட்டறையின் துயரம் மட்டுமன்று. ஆய்வகங்களிலும் ஆலைகளிலும் பழைய கருவிகள் பல, மேசைக் கணினிக்குள் செருகிய ஓர் அட்டையின் வழியேதான் ஆணை பெறுகின்றன. 1981-இல் ஐபிஎம் கணினியோடு வந்த ஐஎஸ்ஏ செருகுவாயும், 1992-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பிசிஐ செருகுவாயும் புதிய கணினிகளில் ஏறத்தாழ மறைந்துவிட்டன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. பழைய அட்டைகளை இயக்கும் 32 பிட் டிரைவர்கள் அதில் இயங்கா.

வருமான வரி விதிகள் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானத்தை அனுமதிக்கின்றன. பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம். அதாவது, கணினிக்கு ஆயுள் குறைவு என்பதைச் சட்டமே ஏற்கிறது. ஆனால், விரைவில் மூப்படையும் பொருளோடு நெடுநாள் உழைக்கும் பொருளை ஓர் அட்டை பிணைத்துவிடுகிறது. முன்னது மாண்டால் பின்னதும் உடன்கட்டை ஏறுகிறது. அந்த இழப்பு விலைப்புள்ளி எதிலும் காட்டப்படுவதில்லை.

இதற்கு மாற்று உண்டு என்பதற்கு நம் நாட்டு அனுபவமே சான்று. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைக் கணினித் திரையில் காட்ட, கான்பூர் ஐஐடி ஆய்வில் பிறந்து புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்தது 'ஜிஸ்ட்' அட்டை. இன்று அந்த அட்டை வழக்கில் இல்லை. எனினும், அது பயன்படுத்திய 'இஸ்கி' குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் பொதுத் தரமாக வெளியிட்டது. யூனிகோடின் இந்திய எழுத்து வரிசைகளுக்கும் அதன் 1988-ஆம் ஆண்டு வடிவமே அடிப்படை. ஆகவே, இஸ்கியில் சேமித்த உரையை இன்றும் மாற்றிப் படிக்க இயலும். அட்டை அழிந்தது, தரம் வெளிப்படையாக இருந்ததால் எழுத்து பிழைத்தது.

அரசும் கல்லூரிகளும் கருவி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: கணினியோடு கருவி பேசும் முறை குறித்த முழு ஆவணத்தையும் விற்பவர் கையளிக்க வேண்டும். சிறு பட்டறைக்காரரால் தனியே இதைக் கேட்டுப் பெற முடியாது. பெருமளவில் வாங்கும் அரசு கேட்டால், அவருக்கும் அது கிடைக்கும்.