கார் சாயலைன்னா கட்டுப்பாட்டுல இருக்குன்னு அர்த்தம் இல்லை

1/ போன வாரம் ஓபி முடியுற நேரத்துல எங்க ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் போன்ல ஒரு படம் காட்டினார். செகண்ட் ஹேண்டுல வாங்கின ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ஒரு விரல் நுழையாது. "ஸ்பிரிங் கட் பண்ணிட்டேன் சார், வளைவுல சாயவே மாட்டேங்குது, ஹேண்ட்லிங் வேற லெவல்"னார். இந்த த்ரெட் அவருக்கும், அந்த ஆசை இருக்கிற எல்லாருக்கும்.

2/ முதல்லயே சொல்லிடறேன். நான் எலும்பு முறிவு மருத்துவர், ஆட்டோமொபைல் இன்ஜினியர் இல்ல. ஆனா கார் பைத்தியம். இதே தப்பை நானும் காசு கொடுத்து செஞ்சிருக்கேன். அதைக் கடைசியில சொல்றேன்.

3/ நான் சண்டை போடுறது ஒரே ஒரு நம்பிக்கையோட: "கெட்டியா இருந்தா, தாழ்வா இருந்தா, நல்லா திரும்பும்." நம்ம ஊர்ல சஸ்பென்ஷன் அப்கிரேட்னு விக்கிற வேலைல பெரும்பாலானது இந்த ஒரு வரியை வச்சுதான் ஓடுது. அந்த வரி பாதி உண்மை. மருத்துவத்துல பாதி உண்மைதான் ஆளைக் கொல்லும்.

4/ கார் ரோட்டைத் தொடுறது நாலே இடத்துல. ஒவ்வொண்ணும் ஏறக்குறைய உங்க உள்ளங்கை அளவு. பிரேக், ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர், எல்லா கட்டளையும் அந்த நாலு உள்ளங்கை வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும். சஸ்பென்ஷனோட முதல் வேலை அந்த நாலையும் ரோட்டுல ஒட்ட வைக்கிறது. சாயாம வைக்கிறது அதுக்கு அப்புறம்தான்.

5/ என் பாஷைல சொல்றேன். முழங்கால் ஆடுதுன்னு ஒருத்தர் வர்றார். தொடையிலேருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டுடறேன். ஆட்டம் நின்னுடும். அவரை மாடிப்படி இறங்கச் சொல்லுங்க பாப்போம். ஒவ்வொரு படியும் நேரா இடுப்புல இடிக்கும், கால் வழுக்கும். ஆட்டம் நின்னதும் நடை வந்ததும் ஒண்ணு இல்ல. ஸ்பிரிங் கட் பண்ணின காரும் அப்படித்தான்.

6/ "சாஞ்சா எடை எல்லாம் வெளிப்பக்க டயருக்குப் போயிடுது, கெட்டி ஸ்பிரிங் போட்டா அது நிக்கும்"னு சொல்வாங்க. தப்பு. வளைவுல உள்பக்கத்துலேருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுற மொத்த எடையைத் தீர்மானிக்கிறது மூணு விஷயம்: ஈர்ப்பு மையத்தோட உயரம், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற அகலம், எவ்வளவு வேகமா திரும்புறீங்கங்கிறது. ஸ்பிரிங் அந்த எடையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எப்படிப் பங்கு போடுறதுன்னு மாத்தும். மொத்தத்தைப் பெருசா குறைக்காது.

7/ "அப்போ தாழ்த்தினா ஈர்ப்பு மையம் குறையுமே?" குறையும். ஆனா நம்ம ஊர் கார்கள்ல முன்னாடி இருக்கிறது பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதை அளவுக்கு மீறி இறக்கினா லோயர் ஆர்மோட கோணம் மாறும். கார் எந்தப் புள்ளியைச் சுத்தி சாயுதோ அந்த ரோல் சென்டர், ஈர்ப்பு மையத்தைவிட வேகமா கீழ போயிடும். நடுவுல இருக்கிற நெம்புகோல் நீளமாகுது. அதாவது தாழ்த்தின பிறகு, கார் இன்னும் சாயத்தான் பார்க்கும். டை ராட் கோணமும் கெட்டு, மேடு பள்ளத்துல ஸ்டியரிங் தானா இழுக்கும்.

8/ அடுத்தது தூரம். ஸ்பிரிங் அமுங்க ஓர் அளவு இடம் இருக்கு. 40 மில்லிமீட்டர் இறக்கினா அதுல பெரும்பங்கை நீங்களே தின்னுட்டீங்க. மீதி முடிஞ்சதும் கார் பம்ப் ஸ்டாப் ரப்பர் மேல உட்காரும். அந்த நொடியில ஸ்பிரிங் திடீர்னு பல மடங்கு கெட்டியான மாதிரி ஆகும். வளைவுக்கு நடுவுல இது நடந்தா அந்தப் பக்க டயர் பிடியை விட்டுடும். முன்னறிவிப்பு கிடையாது.

9/ கட் பண்ணின ஸ்பிரிங் இன்னும் மோசம். சுத்து குறைஞ்சா ஸ்பிரிங் கெட்டியாகும். ஆனா ஷாக் அப்சார்பர் பழசுதானே? புது துள்ளலை அடக்க அதால முடியாது. வெட்டின முனை சீட்ல சரியா உட்காரவும் உட்காராது. சுத்துக்கு நடுவுல சொருகுற ரப்பர் பஃபரும் இதே கதைதான்: சில சுத்துகளை வேலை செய்ய விடாம தடுத்து மீதிச் சுத்துகள் மேல பாரத்தை ஏத்துது.

10/ சாயுற கார் எல்லாம் மோசமான கார்னா, 1989ல வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 எப்படி ஹேண்ட்லிங்குக்கே உதாரணமாச்சு? அது வளைவுல நல்லாவே சாயும். 1962ல வந்த லோட்டஸ் எலான் மென்மையான ஸ்பிரிங்கோட வந்த கார். ஸ்டியரிங் பத்தி பேசுறவங்க இன்னிக்கும் அதைத்தான் சொல்றாங்க. கட்டுக்கோப்பான சேசிஸ், நீளமா அமுங்குற மென்மையான ஸ்பிரிங், அதை அடக்கத் தெரிஞ்ச டேம்பர். சூத்திரம் இதுதான்.

11/ பெரிய கம்பெனிகளே இதுல சறுக்கியிருக்காங்க. 1998ல வந்த முதல் ஆடி டிடி, ஜெர்மனி நெடுஞ்சாலைகள்ல அதிவேகத்துல திடீர்னு லேன் மாத்தும்போது பின்பக்கம் பிடி விட்டுப் போச்சு. உயிர்கள் போச்சு. கம்பெனி காரைத் திரும்ப அழைச்சு பின்னாடி ஸ்பாய்லர் வச்சாங்க, ஈஎஸ்பி போட்டாங்க, ஆன்டி ரோல் பாரையும் டேம்பரையும் மாத்தினாங்க. எல்லாத்தையும் சேர்த்து. சோதனைத் தடமும் நூத்துக்கணக்கான இன்ஜினியர்களும் வச்சிருந்தவங்களுக்கே அந்தப் பாடு. ஒரு கிரைண்டரும் ஒரு மதியமும் போதும்னு நினைக்கிறோம் நாம.

12/ இப்ப என் துறை. சாதாரண கார் ஸ்பிரிங் மேல நொடிக்கு சுமார் 1 முதல் 1.5 தடவை ஆடுற மாதிரி அமைப்பாங்க. நாம நடக்கிற தாளத்துக்குப் பக்கம், உடம்புக்குப் பழகினது. இறக்கை வச்ச ரேஸ் கார்கள் 3 முதல் 5. உட்கார்ந்திருக்கிற மனுஷனோட முதுகெலும்பு அதிகமா ஒத்ததிர்றது நொடிக்கு 4 முதல் 6ங்கிற அதிர்வுல. ரேஸ் டிரைவர் ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல இறங்கிடுவார். நீங்க தினமும் ஆபீசுக்குப் போறீங்க. பின் சீட்ல அம்மா உட்கார்றாங்க.

13/ சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியை இஷ்டத்துக்கு மாத்துறதைத் தடுக்குது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டும். விபத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ் சர்வேயர் முதல்ல குனிஞ்சு பார்க்கிற இடம் எதுன்னு நினைக்கிறீங்க?

14/ என் கதை. சில வருஷம் முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்ல 40 மில்லிமீட்டர் தாழ்வான ஸ்பிரிங் போட்டேன். ஷாக் பழசு. "ஷாக் நல்லாத்தான் இருக்கு சார்"னாங்க, நானும் தலையாட்டினேன். பைபாஸ்ல சொர்க்கம். அடுத்த மாசம் மனைவி, மகளோட கொல்லிமலை.

15/ 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது இடது பக்கம் திரும்புற ஒரு வளைவுல, நடுவுல ஒட்டுப்போட்ட மேடு. கார் ஏற்கெனவே வலது முன் சக்கரத்துல அமுங்கி ரப்பர் மேல உட்கார்ந்திருந்தது. மேடு அடிச்சுது. ஸ்டியரிங் கைல லேசாச்சு. வண்டி திரும்பாம நேரா எதிர் லேனுக்குப் போச்சு. எதிர்ல பஸ். வேகம் 40கூட இருக்காது.

16/ அந்த பஸ் டிரைவர் முன்னாடியே பிரேக் அடிச்சிருந்தார். அதனாலதான் இந்த த்ரெட் எழுதிக்கிட்டிருக்கேன். அவர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "குழந்தையை வச்சுக்கிட்டு ஏன் சார் இப்படி?" பதில் இல்ல. இன்னிக்கும் இல்ல. வீடு வந்ததும் பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டினேன். கழட்டினப்போ பம்ப் ஸ்டாப் ரப்பர் பிளந்து கிடந்தது.

17/ "அப்போ ஒண்ணுமே பண்ணக்கூடாதா டாக்டர்?" பண்ணுங்க. வரிசையா பண்ணுங்க. முதல்ல டயர்: பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்க, 2319னா 2019ஓட 23வது வாரத்துல செஞ்சது. 1.6 மில்லிமீட்டர் அடையாளத்தைத் தொட்டுட்டா மாத்துங்க. டயர் சூடாகுறதுக்கு முன்னாடி காற்றழுத்தம் பாருங்க. அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராட். அப்புறம் ஷாக், எண்ணெய் கசியுதான்னு பாருங்க, ஜோடியா மாத்துங்க. கடைசியா வீல் அலைன்மெண்ட்.

18/ இவ்வளவும் செஞ்சு பாருங்க. பழைய கார் புதுசா திரும்பும். நிறைய பேருக்கு வேற எதுவும் தேவைப்படாது. இன்னும் ஆசை இருந்தா, ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமா செஞ்ச செட், அளவான இறக்கம், ஒரு நேரத்துல ஒரே மாற்றம். அஞ்சு மருந்தை ஒண்ணா ஆரம்பிச்சா எது வேலை செஞ்சுது, எது அலர்ஜி ஆச்சுன்னு எனக்கே தெரியாது. காரும் அப்படித்தான்.

19/ இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ கோயம்புத்தூர் கரி டிராக்லயோ ஓட்டப்போறவங்களோட எனக்குச் சண்டையே இல்ல. அங்க தளம் சமம், எதிர்ல பஸ் வராது, ஆம்புலன்ஸ் தயாரா நிக்கும். கொல்லிமலைல இந்த மூணும் கிடையாது.

20/ ஹவுஸ் சர்ஜன் தம்பிக்கு: டயக்னோசிஸ் இல்லாம ஆபரேஷன் பண்ணுவியா? உன் காருக்கு என்ன நோய்னு யாராவது பார்த்தாங்களா? ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துட்டு வா, என் பழைய மெக்கானிக்கிட்ட போகலாம். செலவு என்னோடது. வெட்டின ஸ்பிரிங்கை மட்டும் என்கிட்ட கொடுத்துடு, ஓபி மேஜை மேல வைக்கணும்.